சம்மனசுக்கு முதலாளி நீங்கள் அல்ல

தமிழ் சினிமாவில் தேவதைக்கு என்ன இலக்கணம் என்று எல்லோருக்கும் தெரியும். வெள்ளை உடை, ஸ்லோ மோஷன், எங்கிருந்தோ அடிக்கிற காற்று, பின்னணியில் நாலு வயலின். கதாநாயகன் வாயைப் பிளந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான். இதில் எனக்கு ஒரு புகாரும் இல்லை, அது சினிமா. அதே தேவதை கோவிலுக்குள் வந்து (எங்கள் ஊரில் சர்ச்சைக் கோவில் என்றுதான் சொல்வோம்) உட்கார்ந்துகொண்டதில்தான் புகார்.

வாழ்த்து அட்டையில், கீ செயினில், கார் டாஷ்போர்டில், எழுப்புதல் கூட்ட மேடையில், கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸில் எங்கே பார்த்தாலும் ஏஞ்சல். நம் காரைக் காப்பார், கடனை அடைப்பார், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடி வருவார், நம் வீட்டுக் குழந்தை இறந்துபோனால் அதுவும் ஏஞ்சல் ஆகிவிடும். கிறிஸ்தவ நம்பிக்கை சொல்கிற வானதூதருக்கும் இந்த ஏஞ்சலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், பெயரைத் தவிர ஒன்றுமில்லை என்பதுதான் என் பதில்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். மூன்றாம் ஆண்டு. இறையியல் கல்லூரி வாசலை மிதித்தவன் இல்லை. கத்தோலிக்கக் குடும்பம். தூங்கப் போகும்முன் காவல் சம்மனசை வேண்டிக்கொள்ள ஆச்சி சொல்லிக்கொடுத்து வளர்ந்தவன். (சம்மனசு என்பது பழைய கத்தோலிக்க வார்த்தை. இப்போது வானதூதர் என்கிறோம், சி.எஸ்.ஐ. நண்பர்கள் தேவதூதர் என்பார்கள்.) ஆகவே இது "ஏஞ்சலே கிடையாது" என்று நிரூபிக்க வந்த கட்டுரை என்று யாரும் சந்தோஷப்படவும் வேண்டாம், கோபப்படவும் வேண்டாம். இருக்கிறார்கள் என்று நம்புகிறவர்களோடுதான் எனக்குச் சண்டை.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

எபிரேயத்தில் மலாக், கிரேக்கத்தில் ஆங்கெலோஸ். இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான்: சேதி கொண்டுபோகிறவர். சாதாரண மனிதத் தூதர்களுக்கும் விவிலியத்தில் இதே வார்த்தைகள்தான். இது வேலையின் பெயரே தவிர இயல்பின் பெயர் அல்ல, இயல்பால் அவர்கள் ஆவிகள் என்று புனித அகுஸ்தினார் அந்தக் காலத்திலேயே பிரித்துக் காட்டிவிட்டார். தமிழில் மொழிபெயர்த்தவர்களும் சரியாகத் "தூதர்" என்றே வைத்தார்கள். தூது என்றால் என்ன என்று நமக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. திருக்குறளில் 69-வது அதிகாரம் முழுக்க அதுதான். தூது போகிறவனுக்கு என்னென்ன தகுதி வேண்டும் என்று வள்ளுவர் பத்துக் குறளில் அடுக்குகிறார். அவன் யாருடைய ஆள் என்பதில் மட்டும் அவருக்குக் குழப்பமே இல்லை. அனுப்பிய அரசனுடைய ஆள்.

எங்கள் பிசினஸ் லா பாடத்திலும் இதே விஷயம்தான். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 182: ஒருவருக்காக வேலை செய்யவோ, மூன்றாம் நபரிடம் அவர் சார்பாக நிற்கவோ அமர்த்தப்பட்டவர் ஏஜென்ட். அமர்த்தியவர் பிரின்சிபல். பிரிவு 211: பிரின்சிபல் சொன்னபடிதான் ஏஜென்ட் நடக்க வேண்டும். இதை இங்கே பொருத்திப் பாருங்கள். கடவுள் பிரின்சிபல், வானதூதர் ஏஜென்ட், நாம் மூன்றாம் நபர். மூன்றாம் நபர் அடுத்தவருடைய ஏஜென்டுக்கு உத்தரவு போட முடியுமா? இன்டர்னல் தேர்வில்கூட இதற்கு மார்க் கிடைக்காது.

"எபிரேயர் முதல் அதிகாரத்தில் அவர்கள் நமக்குப் பணி செய்கிறவர்கள் என்று இருக்கிறதே?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. அந்தப் பணிக்காக அனுப்பப்படுகிறவர்கள் என்றும் அதே இடத்தில் இருக்கிறது. அனுப்புவது யார்? பேங்க் மேனேஜர் எனக்கு எத்தனையோ உதவி செய்யலாம். அதற்காக அவர் என் வீட்டு ஊழியர் ஆகிவிடுவாரா?

தோற்றத்தைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. எசாயா கண்ட சேராபீன்களுக்கு ஆறு சிறகுகள். இரண்டால் முகத்தை மூடி, இரண்டால் கால்களை மூடி, மீதி இரண்டால் பறக்கின்றன. எசேக்கியேல் கண்டவற்றுக்கு நான்கு முகங்கள்: மனிதன், சிங்கம், காளை, கழுகு. ஆபிரகாமிடம் வந்தவர்களோ வழிப்போக்கர்கள் மாதிரி வந்து மரத்தடியில் சாப்பிட்டார்கள். லூக்கா நற்செய்தியின் முதல் இரண்டு அதிகாரத்தில் செக்கரியா, மரியா, இடையர்கள் என்று மூன்று இடத்தில் "பயப்படாதே" என்று தூதர் முதலில் தைரியம் சொல்ல வேண்டியிருக்கிறது. கீ செயின் பொம்மையைப் பார்த்து யாராவது பயப்படுவார்களா? கன்னத்தில் கைவைத்துக்கொண்டு மேலே பார்க்கிற அந்த இரண்டு குண்டுப் பாப்பாக்கள், 1512 வாக்கில் ஓவியர் ரஃபேல் வரைந்த மாதா படத்தின் அடி ஓரத்தில் இருப்பவை. அசல் ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரில் இருக்கிறது. அருமையான ஓவியம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஏதேன் தோட்டத்து வாசலில் சுடர்விடும் வாளோடு காவல் நின்ற கெருபுகளை டயப்பர் விளம்பரம் ஆக்கியது நாம்தான்.

தோற்றம் போகட்டும். இதை வைத்துப் பிழைப்பு நடக்கிறதே, அங்கேதான் இடிக்கிறது.

சென்ற வருடம் ஒரு நண்பன் கூப்பிட்டான் என்று ஒரு கூட்டத்துக்குப் போனேன். (யார், எங்கே என்பதெல்லாம் வேண்டாம்.) மேடையில் இருந்தவர் தன் வலது பக்கம் ஒரு தூதன் நிற்பதாகச் சொன்னார். அவர் பொருளாதார ஆசீர்வாதத்துக்குப் பொறுப்பான தூதனாம். பெயரும் சொன்னார். கொஞ்ச நேரத்தில் கவர்கள் சுற்றி வந்தன. எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து நூறு ரூபாய் எடுத்துப் போட்டார்கள்.

இது புதுசு என்று நினைக்காதீர்கள். எட்டாம் நூற்றாண்டில் பிராங்கு நாட்டில் ஆல்டெபர்ட் என்று ஒருவர் இருந்தார். இயேசுவே எழுதி வானத்திலிருந்து விழுந்த கடிதம் தன்னிடம் இருக்கிறது என்றார். உலகத்தின் கடைக்கோடியிலிருந்து ஒரு வானதூதர் தனக்குப் புனிதப் பொருட்கள் கொண்டுவந்தார் என்றார். தன் நகத்தையும் முடியையும் பக்தர்களுக்குக் கொடுத்தார். எட்டு வானதூதர்களின் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் ஒரு செபம் வைத்திருந்தார். புனித போனிபாஸ் புகார் செய்ய, 745-ல் திருத்தந்தை சக்கரியா ரோமில் சங்கம் கூட்டினார். அந்தச் செபத்தை வாசித்துப் பார்த்த ஆயர்கள், மிக்கேலைத் தவிர மற்றவை பிசாசுகளின் பெயர்கள், நமக்குத் தெரிந்த பெயர்கள் மிக்கேல், கபிரியேல், ரஃபேல் மூன்று மட்டுமே என்று முடித்துவிட்டார்கள். வருஷம் ஆயிரத்து இருநூறுக்கு மேல் ஆகிறது, டெக்னிக் மட்டும் மாறவே இல்லை!

அதற்கும் முன்னால் புனித பவுல் கொலோசையருக்கு எழுதியபோதே வானதூதர் வழிபாட்டைக் கண்டித்திருக்கிறார். பக்கத்து ஊரான லவோதிக்கேயாவில் நான்காம் நூற்றாண்டில் கூடிய சங்கம் அதற்கென்றே ஒரு விதி போட்டது. 2001-ல் வத்திக்கான் வெளியிட்ட பொதுமக்கள் பக்திமுயற்சி பற்றிய ஏடும் இந்த மூன்று பெயருக்கு மேல் வானதூதர்களுக்குப் பெயர் வைக்கும் பழக்கத்தை ஊக்குவிக்காதீர்கள் என்கிறது. திருவெளிப்பாட்டில் யோவான் ஒரு தூதரின் காலில் விழப்போக, வேண்டாம், நானும் உன்னைப் போல ஒரு ஊழியன்தான் என்று அவரே தடுக்கிறார். அதுவும் இரண்டு தடவை.

காசு விஷயத்துக்கு தோபித்து ஆகமத்தைப் பாருங்கள். (சி.எஸ்.ஐ. நண்பர்களின் பைபிளில் இது இருக்காது.) ரஃபேல் ஒரு சாதாரண ஆள் போல வந்து, நாளுக்கு ஒரு திராக்மா கூலி பேசி, தோபியாவுக்கு வழித்துணையாகப் போகிறார். கடைசியில் அப்பாவும் மகனும் கொண்டுவந்த சொத்தில் பாதியைக் கொடுக்க முன்வரும்போது, தான் யார் என்று சொல்லி, நன்றியைக் கடவுளுக்குச் சொல்லுங்கள் என்று மறைந்துவிடுகிறார். பாதிச் சொத்தை வேண்டாம் என்றவரின் இனத்துக்காரர் ஒருவர், முந்தானையில் முடிந்த நூறு ரூபாய்க்காகவா மேடையில் காத்துக்கொண்டு நிற்பார்?

அடுத்தது பாதுகாப்பு. திருப்பாடல் 91-ஐ ஸ்டிக்கராக ஒட்டாத வண்டி குறைவு. கால் கல்லில் மோதாதபடி தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று வரும் இடம். அதை நற்செய்தியில் மேற்கோள் காட்டுவது யார் தெரியுமா? சாத்தான். இயேசுவைக் கோவில் உச்சியில் நிறுத்திவைத்து, குதி, அவர்கள் பிடித்துக்கொள்வார்கள் என்கிறான். இயேசு குதிக்கவில்லை. கடவுளைச் சோதிக்கக் கூடாது என்கிறார். ஹெல்மெட் போடாமல் ஸ்டிக்கரை மட்டும் ஒட்டிக்கொண்டு போகிறவர்கள் அந்த இடத்தை மறுபடி ஒருமுறை படிக்கவும் :-)

திருத்தூதர் பணிகள் 12-ஆம் அதிகாரத்தைப் பிரசங்கத்தில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். சிறையில் இருந்த பேதுருவின் சங்கிலி கழன்று விழ, வானதூதர் அவரை வெளியே கூட்டிவருகிறார். சிலிர்க்க வைக்கும் இடம். ஆனால் அதே அதிகாரத்தின் ஆரம்பத்தில் யாக்கோபை ஏரோது வாளால் கொன்றுவிட்டான். ஒரே அதிகாரம், ஒரே ராஜா, இயேசுவுக்கு நெருக்கமான இரண்டு சீடர்கள். ஒருவருக்குத் தூதர் வந்தார், ஒருவருக்கு வரவில்லை. யாக்கோபுக்கு விசுவாசம் குறைவு என்றோ, செபம் பத்தவில்லை என்றோ லூக்கா ஒரு வார்த்தை எழுதவில்லை. கவிழ்ந்த பேருந்திலிருந்து பிழைத்து வந்து "என்னைத் தூதர் காப்பாற்றினார்" என்று சாட்சி சொல்கிறவர் நன்றியோடு சொல்லட்டும், நானும் ஆமென் சொல்கிறேன். ஆனால் அதை ஒரு ஃபார்முலா ஆக்கி, இப்படிச் செபித்தால் இப்படிக் காப்பார் என்று மைக்கில் சொல்லும்போது, அதே பேருந்தில் மகனைப் பறிகொடுத்தவர் கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கலாம். அவர் காதில் அது என்னவாக விழும்?

இதையெல்லாம் விடக் கோபம் வருகிற ஒன்று இருக்கிறது.

எங்கள் தெருவில் எட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று டெங்குவில் இறந்துபோனது. அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். துக்க வீட்டுக்கு வந்த ஒரு பெரியவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்: "ஆண்டவருக்கு ஒரு ஏஞ்சல் தேவைப்பட்டுச்சு, அதான் கூப்பிட்டுக்கிட்டார்." அந்த அப்பா நிமிர்ந்து பார்த்தார். "அவருட்ட ஆயிரமாயிரம் பேர் இருக்காங்களே அண்ணாச்சி... எங்கிட்ட இருந்தது ஒண்ணுதானே" என்றார். யாரும் பேசவில்லை.

அந்த அப்பா சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. தானியேலும் திருவெளிப்பாடும் சொல்கிற கணக்கு பதினாயிரம் பதினாயிரம். பெருக்கினால் மட்டுமே பத்துக் கோடி. பத்துக் கோடிப் பேர் வேலைக்கு இருக்கிறவர், ஆள் பத்தவில்லை என்று டெங்குவை அனுப்பி ஒரு லோடு ஆட்டோக்காரர் மகளை எடுத்துக்கொண்டார் என்றால், அவர் எப்பேர்ப்பட்ட கடவுள்? ஆறுதல் என்ற பெயரில் நாம் கடவுள்மேல் கொலைப்பழி போடுகிறோம்.

கோட்பாட்டின்படியும் அது தப்பு. மனிதர் இறந்து வானதூதர் ஆவதாகத் திருச்சபை ஒருநாளும் சொன்னதில்லை. அவர்கள் வேறு படைப்பு, நாம் வேறு படைப்பு. உயிர்த்தெழுந்தவர்கள் தூதர்களைப் போல இருப்பார்கள் என்று இயேசு சொன்னது, அங்கே கல்யாணம் உண்டா என்ற கேள்விக்குப் பதிலாக. "போல" வேறு, "ஆக" வேறு. கடவுள் மனிதர் ஆனார், வானதூதர் ஆகவில்லை. வானதூதர்களுக்கே நாம் தீர்ப்பு வழங்குவோம் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார். அப்படியிருக்க, குழந்தை ஏஞ்சல் ஆகிவிட்டது என்பது பிரமோஷனே இல்லை. கிறிஸ்தவ நம்பிக்கை தருகிற வாக்கு உடலின் உயிர்ப்பு. அந்தக் குழந்தை அதே பெயரோடு, அதே ஆளாக ஒருநாள் எழும் என்பது. அதை விட்டுவிட்டு ஒரு பொதுவான சிறகு பொம்மையை அந்த அப்பா கையில் கொடுத்துவிட்டு வருகிறோம்.

"துக்க வீட்டில் போய் இறையியல் வகுப்பா எடுக்க முடியும்? ஏதோ ஆறுதலுக்குச் சொல்கிறார்கள், விடேன்" என்று அம்மா என்னிடமே சொன்னார்கள். குழந்தையைப் பறிகொடுத்தவர்களே அப்படி நினைத்து மனசைத் தேற்றிக்கொண்டால் நான் வாயைத் திறக்க மாட்டேன், அது அவர்கள் உரிமை. மற்றவர்கள் போய் அதை ஒரு காரணமாகச் சொல்வதைத்தான் எதிர்க்கிறேன். வகுப்பு எடுக்க வேண்டாம். சும்மா இருக்கலாம். நாற்காலி எடுத்துப் போடலாம், டீ வாங்கி வரலாம், ஆஸ்பத்திரி பில்லுக்கு நம்மால் முடிந்ததைக் கொடுக்கலாம்.

ஒலிவ மலையில் இயேசுவை ஒரு தூதர் தேற்றியதாக லூக்கா நற்செய்தியில் வருகிறது. துன்பக் கிண்ணத்தை அவர் எடுத்துக்கொண்டு போகவில்லை. இது ஏன் நடக்கிறது என்று விளக்கமும் கொடுக்கவில்லை. வந்தார், திடப்படுத்தினார். அவரை அனுப்பிய வேலை அதுதான். பன்னிரண்டு படைப்பிரிவுத் தூதர்களைக் கேட்டாலும் தந்தை அனுப்புவார் என்று தெரிந்தும், இயேசு அதைக் கேட்கவில்லை.

அடுத்த தடவை மேடையில் ஒருவர் புதுப் பெயர் ஒன்றைச் சொல்லி, இந்தத் தூதன் என் பேச்சைக் கேட்பான் என்றால், பிரின்சிபல் கொடுத்த அத்தாட்சிக் கடிதம் எங்கே என்று கேளுங்கள். பதில் வரும்வரை கவரைக் கையில் வாங்காதீர்கள்.

பி.கு.: காமர்ஸ் பையன் ஏஞ்சல் பற்றி எழுதுகிறான் என்றதும் ஏஞ்சல் டாக்ஸ் பற்றி என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்கவும். 2012-ல் வந்த அந்த வரியை 2024 பட்ஜெட்டில் எடுத்துவிட்டார்கள். மேடையில் வசூலிக்கிறார்களே ஏஞ்சல் வரி, அதை எடுக்க எந்த நிதியமைச்சரும் வரமாட்டார். நாம்தான் எடுக்க வேண்டும்.