வழிநூல் மரபும் காணொளி விளையாட்டும்: தமிழாய்வுத் துறைகளின் மௌனம் குறித்து ஒரு மறுப்புரை

முன்னுரை

கொல்கத்தாவின் கிழக்கே, ராஜர்ஹாட் வயல்வெளிகளின்மேல் எழுப்பப்பட்ட நியூ டவுனில் இருந்து இக்கட்டுரை எழுதப்படுகின்றது. தாகூர் பெயரால் இரவீந்திர தீர்த்தமும் நஸ்ருல் இஸ்லாம் பெயரால் நஸ்ருல் தீர்த்தமும் இந்நகரில் உள்ளன. அவற்றைச் சூழ மென்பொருள் அலுவலகங்கள் உள்ளன. அவ்வலுவலகங்களில் பணிபுரியும் தமிழ் இளைஞர் சிலரோடு உரையாடியபோது, அவர்கள் ‘செல்டா’ என்னும் காணொளி விளையாட்டு வரிசையின் கதைக்கால முறைமையைப் பற்றி, இருவேறு உரையாசிரியர்தம் கட்சியினரைப் போல வாதிடக் கேட்டேன். இதனைத் தமிழாய்வுப் பொருளாகக் கொள்ளலாம் என்று கருத்தரங்கு ஒன்றில் கூறியபோது கிடைத்த விடை, “இது பிள்ளை விளையாட்டு, இலக்கியம் அன்று” என்பதாகும். அவ்விடை பிழையானது என்பதும், அப்பிழைக்குத் தமிழாய்வு கொடுக்கும் விலை பெரிது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

விளையாட்டு என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்போர், தொல்காப்பிய மெய்ப்பாட்டியலை ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நலம். உவகைக்குரிய நிலைக்களங்களாகச் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்னும் நான்கனை ஆசிரியர் ஓதுகின்றார். அறிவோடும் காதலோடும் ஒரே வரிசையில் அவர் வைத்த ஒன்றை நாம் வாயிலுக்கு வெளியே நிறுத்தியிருக்கின்றோம்.

விளையாட்டின் வழிநூல்கள்

செல்டா வரிசையின் முதல் விளையாட்டை 1986-இல் ஜப்பானிய நிறுவனமான நின்டெண்டோ வெளியிட்டது. ஷிகெரு மியாமோட்டோ, தகாஷி தெசுகா ஆகியோர் அதனை உருவாக்கினர். ஹைரூல் என்னும் கற்பனை நாடு, செல்டா என்னும் இளவரசி, லிங்க் என்னும் வீரன், கேனன் என்னும் பகைவன் ஆகியன ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக இருபதளவிலான விளையாட்டுகளில் மீண்டும் மீண்டும் வருகின்றன. 2024-இல் வெளிவந்த ‘எக்கோஸ் ஆஃப் விஸ்டம்’ விளையாட்டில் இளவரசியே தலைமை மாந்தராகிறாள்.

ஆயின் ஈண்டு நம் ஆய்வுக்குரியது நிறுவனத்தின் படைப்பன்று. அதனைச் சுற்றிச் சுவைஞர்கள் எழுப்பியுள்ள படைப்புலகமே. தொல்காப்பிய மரபியல், நூலை முதல்நூல், வழிநூல் எனப் பகுத்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நால்வகைப்படுத்தும். சுவைஞர் படைப்புகள் இந்நான்கனுள் அடங்குமாறு காண்க. பல விளையாட்டுகளின் கதைகளை ஒரே வரலாறாகச் சுருக்கிக் கோப்பது தொகுத்தல். விளையாட்டில் ஒரு வரி மட்டுமே பேசிச் செல்லும் மாந்தர்க்கு வாழ்வும் முடிவும் தந்து எழுதப்படும் கதைகள் விரித்தல். இரண்டும் கலந்து புதிய விளையாட்டாகவே ஆக்கித் தருவது தொகைவிரி. ஜப்பானிய மொழியில் மட்டும் வந்தவற்றைப் பிறமொழிக்கு ஊதியமின்றிப் பெயர்த்தல் நான்காவது. ‘எல்லாம் தொல்காப்பியத்தில் உண்டு’ என்னும் பழம்பெருமை பேசுவது என் நோக்கமன்று. தொல்காப்பியர் கணினியைக் கனவு கண்டார் அல்லர். ஒரு மூலத்திலிருந்து பல நூல்கள் கிளைக்கும் இயல்பை அறியும் கருவி நம்மிடம் உள்ளது. அதனைப் பயன்படுத்தாமல் துருப்பிடிக்க விட்டிருக்கின்றோம் என்பதே என் குற்றச்சாட்டு.

உரை வேறுபாடும் வலிந்து கொள்ளலும்

1998-இல் வெளிவந்த ‘ஒகரினா ஆஃப் டைம்’ விளையாட்டின் இறுதியில், கேனனை வென்ற வீரனை இளவரசி அவன் இளமைக் காலத்திற்கே திருப்பி அனுப்பிவிடுகிறாள். அவன் நீங்கிய காலம் என்னவாயிற்று? அவன் திரும்பிச் சென்ற காலம் என்னவாயிற்று? இவ்விரு வினாக்களிலிருந்து ‘கதைக்காலம் இரண்டாகப் பிரிந்தது’ என்னும் கொள்கையும், ‘ஒரே நேர்கோடே’ என்னும் கொள்கையும் தோன்றின. இரு சாராரும் விளையாட்டினுள் உள்ள கல்வெட்டுகள், நில அமைப்பு, இனப்பெயர்கள், ஓவியங்கள் ஆகியவற்றைச் சான்றுகாட்டிப் பல்லாண்டு வாதிட்டனர். 2011 திசம்பரில் நிறுவனம் தானே வெளியிட்ட ‘ஹைரூல் ஹிஸ்டோரியா’ என்னும் நூல், காலம் மூன்றாகப் பிரிந்தது என்றது. வீரன் தோற்றுப்போன காலம் என ஒரு மூன்றாம் கிளையை அது முன்வைத்தது. பலரும் எதிர்பாராத முடிவு இது. வாதம் அதனோடு ஓயவில்லை. மூல ஆசிரியரின் கூற்றே ஆயினும் பனுவலோடு பொருந்துகிறதா என்று சுவைஞர் சோதித்தனர். 2017-இல் வந்த ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’ எக்கிளையைச் சார்ந்தது என்பது தெளிவாக்கப்படாமையின் அவ்வாதம் மேலும் வலுத்தது. ஆசிரியர் கருத்துக்கும் பனுவல் பொருளுக்கும் உள்ள இடைவெளியை நம் மாணவர்க்கு மேலைக் கோட்பாட்டு நூல்களைக் கொண்டு விளக்கிவரும் நாம், இவ்விளைஞர் அதனை வாழ்ந்து காட்டுவதைக் காணவில்லை.

மற்றொரு சான்று நம் உரைமரபுக்கு இன்னும் நெருங்கியது. 2000-இல் வந்த ‘மஜோராஸ் மாஸ்க்’ மூன்று நாட்களில் நிலவு வீழ்ந்து அழியவுள்ள ஓர் ஊரைப் பற்றியது. அவ்விளையாட்டின் ஐந்து நிலப்பகுதிகளும் துயருற்ற மனம் கடக்கும் மறுத்தல், சினத்தல், பேரம் பேசல், சோர்தல், ஏற்றல் என்னும் ஐந்து நிலைகளைக் குறிப்பன என்று சுவைஞர் உரை கண்டனர். அழகிய உரைதான், ஆயினும் சில இடங்களில் வலிந்து பொருத்தப்பட்டது. முல்லைப்பாட்டில் தொலைவில் கிடக்கும் சொற்களை ‘மாட்டு’ என்னும் உறுப்பால் இணைத்து நச்சினார்க்கினியர் பொருள் கொண்டதையும், மறைமலையடிகள் தம் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையில் அதனை மறுத்ததையும் கற்ற ஒருவர்க்கு இங்கு நிகழ்வது என்ன என்பது நொடியில் விளங்கும். வலிந்துரையை வலிந்துரை என்று காட்டவும், அது வலிந்துரையாயினும் ஏன் மனங்கொள்ளத்தக்கது என்று விளக்கவும் வல்லவர் தமிழாசிரியரே. அவர்தாம் அங்கு இல்லை.

செல்லரித்த சுவடியும் அழிந்த ஒலிபரப்பும்

1995 ஆகத்தில் நின்டெண்டோ, செயற்கைக்கோள் வழியாக ஒரு செல்டா விளையாட்டை ஜப்பானில் நான்கு வாரப் பகுதிகளாக ஒலிபரப்பியது. குறித்த நேரத்தில் மட்டுமே அதனை ஆட இயலும். கதை சொல்லும் குரலும் இசையும் ஆட்டத்தின்போது நேரலையாக வந்தன. அது கடைகளில் விற்கப்படவில்லை. ஒலிபரப்புச் சேவையும் 2000-இல் நின்றுபோயிற்று. பின்னாளில் சுவைஞர், பழைய பொருட் சந்தையில் கிடைத்த நினைவகப் பேழைகளை வாங்கி, அவற்றுள் எஞ்சிக் கிடந்த தரவுகளைப் படியெடுத்து, சிதைந்த பகுதிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு நிரப்பி, அவ்விளையாட்டை மீட்டனர். குரல் பேழைகளில் பதிவாகாமையால் அதற்கு அன்று ஒலிபரப்பைப் பதிவுசெய்து வைத்தோரின் நாடாக்களே சான்றாயின.

பேழை என்பதற்குச் சுவடி என்றும், படியெடுத்தல் என்பதற்குப் பாடம் ஒப்பிடல் என்றும் மாற்றிப் படித்துப் பார்க்க. உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சேற்ற மேற்கொண்ட பணியின் இயல்பும் இதுவேயன்றோ? இரண்டன் பெறுமதியும் ஒன்றென்று கூறவில்லை. இரண்டன் செயல்முறையும் ஒன்றென்கிறேன். பதிப்பியல் தாள் ஒன்றனை முதுகலை மாணவர்க்குக் கற்பிக்கும் துறை, தன் காலத்தில் நிகழும் பதிப்புப் பணியை அறியாதிருத்தல் தகுமா?

உரிமை யாருக்கு?

இங்கு நிகழும் இழப்பு சிறிதன்று. 1986-ஆம் ஆண்டின் முதல் விளையாட்டை முப்பதாம் ஆண்டு நிறைவின்பொருட்டு முப்பரிமாண வடிவில் சுவைஞர் சிலர் மீளப் படைத்து 2016-இல் இலவசமாக வெளியிட்டனர். உரிமையாளரான நிறுவனம் எதிர்ப்புத் தெரிவிக்க, சில நாட்களிலேயே அது விலக்கிக்கொள்ளப்பட்டது. சட்டம் நிறுவனத்தின் பக்கம் இருக்கலாம். ஆயின் வழிநூலுக்கு இடந்தராத முதல்நூல் நெடுநாள் வாழுமா என்பது இலக்கிய வரலாறு கேட்க வேண்டிய வினா.

இவ்வினாவை வங்கம் முன்பே கேட்டிருக்கிறது. தாகூர் 1941-இல் மறைந்தார். அவர் படைப்புகளின் உரிமை 1991-இன் இறுதியில் முடிய வேண்டியிருந்தது. பதிப்புரிமைக் காலம் ஐம்பதிலிருந்து அறுபது ஆண்டுகளாகச் சட்டத்தால் நீட்டிக்கப்பட்டமையால் 2001-இன் இறுதிவரை அது விசுவபாரதியிடமே இருந்தது. தாகூர் பாடலை எவ்வாறு பாடுவது என்பதைக்கூட விசுவபாரதி இசை வாரியம் தீர்மானித்தது. புகழ்பெற்ற பாடகர் தேபபிரத பிஸ்வாஸ், அவ்வாரியத்தோடு ஏற்பட்ட முரண்பாட்டால் இரவீந்திர சங்கீத ஒலிப்பதிவையே நிறுத்திக்கொண்டார். இன்று அத்தடையின்றி யாரும் அப்பாடல்களைத் தம் விருப்பம்போற் பாடலாம். தமிழகமோ இதில் முந்திக்கொண்டது. பாரதியார் படைப்புகளைப் பொதுவுடைமையாக்கும் முடிவை 1949-இலேயே சென்னை மாகாண அரசு எடுத்தது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1954-இல் நிறைவுற்றபின் அதன் மாந்தரைத் தொடர்ந்து விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யை எழுதினார். பிறரும் எழுதினர். யாரும் அவர்களைக் கள்வர் என்று கூறவில்லை. பொதுமையின் பயனை நுகர்ந்த இம்மொழியின் ஆய்வாளர், இன்று உலகெங்கும் நடக்கும் உரிமைப் போரில் கருத்துரைக்காமல் இருப்பது வியப்பன்று, வெட்கம்.

தடைகளும் விடைகளும்

இது வணிகப் பொருள் என்பர். ‘பொன்னியின் செல்வன்’ வார இதழின் தொடர்கதையே. வணிகம் பெற்றெடுத்ததனால் ஒன்று ஆய்வுக்கு ஆகாததாயின், இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்ப் புனைகதையின் பெரும்பகுதியை நாம் கைவிட வேண்டியிருக்கும்.

இது அயலார் பொருள் என்பர். விசை கேம்ஸ் என்னும் தொரொண்டோ நிறுவனம் 2023-இல் ‘வெண்பா’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. 1980-களில் கனடாவிற்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை அது. தாயின் சமையற் குறிப்பேட்டில் கறைபட்டும் கிழிந்தும் போன இடங்களை ஆடுவோர் ஊகித்து நிரப்ப வேண்டும். பாட மீட்பே அங்கு விளையாட்டாகிறது. 2024-இல் பிரித்தானியாவின் பாஃப்டா, சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதை அதற்கு வழங்கியது. யாப்பின் பெயரைத் தலைப்பாகத் தாங்கி உலகம் சுற்றிய அப்படைப்பு, நம் கருத்தரங்க மலர்கள் எத்தனையில் இடம்பெற்றது என்று ஒவ்வொரு துறையும் தன்னைக் கேட்டுக்கொள்ளட்டும்.

இதற்குரிய ஆய்வுமுறை இல்லை என்பர். கொல்கத்தாவில் சௌவிக் முகர்ஜி, காணொளி விளையாட்டையும் கதைசொல்லலையும் பற்றி 2015-இலும், பின்காலனியத்தையும் விளையாட்டையும் பற்றி 2017-இலும் நூல்கள் எழுதினார். இந்தியத் துணைக்கண்டத்தின் விளையாட்டுகள் பற்றிய அவர்தம் நூல் 2022-இல் வந்தது. அவை ஆங்கிலத்தில் உள்ளன. நம் பரமபதத்தையும் தாயத்தையும் பற்றிப் பேசவேண்டிய தமிழ்த்துறை மௌனமாக இருக்க, அவ்விடத்தை ஆங்கிலத்துறை நிரப்புகிறது. பின்னொரு நாள் அவர்கள் வகுத்த கலைச்சொற்களை நாம் ஒலிபெயர்த்து எழுதிக்கொண்டிருப்போம்.

நாட்டார் கதைப்பாடலும் ஒருகால் ‘பாமரர் கூச்சல்’ என்று ஒதுக்கப்பட்டதே. நா. வானமாமலை அவற்றைத் தொகுத்துப் பதிப்பித்தபின், மதுரைப் பல்கலைக்கழகம் அவற்றை வெளியிட்டபின், அவை பாடத்திட்டத்தில் ஏறின. குஜிலி நூல்களும் பாட்டுப் புத்தகங்களும் இன்று ஆய்வாளர்க்குக் கிடைக்கின்றன எனில், கோட்டையூர் ரோஜா முத்தையா என்னும் தனிமனிதர் அவற்றைத் திரட்டி வைத்தமை பெருங்காரணம். பல்கலைக்கழகங்கள் திரட்டவில்லை. அதே பிழையை மீண்டும் செய்யப் போகிறோமா?

முடிவுரை

சுவைஞர் படைப்புகள் அனைத்தும் உயர்ந்தவை அல்ல, பெரும்பாலானவை எளியவை. ஆயின் தனிப்பாடல் திரட்டிலுள்ள பாடல்கள் யாவும் ஒரே தரத்தனவா? தரம் பிரித்தறிவது ஆய்வின் முடிவாக அமையலாம்; ஆய்வைத் தொடங்காமைக்குக் காரணமாக அமையலாகாது. தமிழ்த்துறைகள் உடனடியாகச் செய்யத்தக்கன மூன்று. விளையாட்டுக் கதையாடலுக்குரிய கலைச்சொற்களை, வழிநூல், உரை, பாடபேதம் முதலிய நம் மரபுச் சொற்களின் அடிப்படையில் வகுத்தல் ஒன்று. தமிழில் இளைஞர் எழுதியும் பேசியும் வரும் விளையாட்டு விளக்கங்களை, அவை அழியுமுன், அவர்தம் ஒப்புதலோடு திரட்டிக் காத்தல் இரண்டு. இப்பொருளில் ஆய்வேடு எழுத முன்வரும் மாணவரை, “ஏதேனும் ஒரு நாவலில் சமுதாயச் சிந்தனைகள்” என்னும் பழகிய தடத்திற்குத் திருப்பி அனுப்பாமல் ஏற்றல் மூன்று.

1880-இல் கும்பகோணத்தில், தமிழ்ப் பேராசிரியர் அல்லாத சேலம் இராமசாமி முதலியார் என்னும் முன்சீப், கல்லூரித் தமிழாசிரியராக இருந்த சாமிநாதையரிடம் சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். அக்கேள்வி துறைக்கு வெளியிலிருந்து வந்தது. “அது நம் பாடத்தில் இல்லை” என்று ஐயர் அதனைத் தள்ளியிருப்பின் நாம் இழந்திருப்பவை எவை என்பது அனைவரும் அறிந்ததே. இன்று நியூ டவுனிலும் சென்னையிலும் தொரொண்டோவிலும் இளைஞர் கேட்கும் கேள்வியும் துறைக்கு வெளியிலிருந்தே வருகிறது. விடை கூறவேண்டியவர் நாம்.