மாத்திரை வாசலுக்கு வந்தாச்சு, உப்புக் கணக்கு அடுப்படிக்கு வரணும்

'உணவே மருந்து' என்று நம் கூட்டங்களில் எல்லோரும் பேசுகிறோம். பேச்சு சரிதான். ஆனால் இரத்தக் கொதிப்பு உள்ளவர்களிடம், "முருங்கைக்கீரை சாப்பிடுங்க, இந்துப்புக்கு மாறுங்க, மாத்திரையை விட்டுடலாம்" என்று நம்மில் சிலர் சொல்லிவிடுகிறார்கள். இது ஆபத்தான பேச்சு. இதை நாம் நிறுத்தியாகணும்.

பிரஷர் ஏறினால் பெரும்பாலும் வெளியே தெரியாது. வலி இருக்காது, தலைசுற்றலும் இருக்காது. உள்ளுக்குள்ளே மூளை, இதயம், சிறுநீரகம் மூணும் அடிவாங்கும். 2020-இல் தமிழக அரசு எடுத்த ஆய்வில் பெரியவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு இரத்தக் கொதிப்பு இருந்தது. அவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்குத்தான் கட்டுக்குள் இருந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வாசலுக்கே கொண்டு வந்தது. நல்ல காரியம். சாப்பாட்டுப் பாடத்தைச் சொல்லித்தருவது உணவை விளைவிக்கிற நம் வேலை.

"உப்பைக் குறைச்சுக்குங்க" என்றால் போதாது. எவ்வளவு என்று சமைக்கிறவருக்குத் தெரிய வேண்டாமா? உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன். நாலு பேர் உள்ள வீட்டுக்கு 20 கிராம். அப்படியானால் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் 50 நாளாவது வரணும். உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருது? பாக்கெட் மேல் தேதி எழுதி வையுங்கள், தெரிந்துவிடும். ஊறுகாய், கருவாடு, அப்பளம், மோர்மிளகாய், மிக்சர் எல்லாம் இதே கணக்கில்தான் சேரும். இந்துப்பும் கல்லுப்பும் சோடியம்தான், அதில் சலுகை கிடையாது.

நான் பொன்னேரிப் பக்கம் விளையும் கீரையைக் கும்மிடிப்பூண்டிக்குக் கொண்டுபோகிறவன். அங்கே சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலைகளும் கம்பி ஆலைகளும் உண்டு. ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிறவருக்குக் கையில் கிடைப்பது பரோட்டா, சால்னா, பஜ்ஜி. வெளிமாநிலத் தம்பிகள் பலருக்கு அறையில் சமைக்க நேரமில்லை. "வியர்க்குதே, உப்பு வேணுமே" என்று கேட்கிறார்கள். உலைப் பக்கம் வேலை செய்கிறவர் தண்ணீர் நிறையக் குடிக்கணும். உப்பு எவ்வளவு என்பதை அவர் மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்யணும். நாம் அளந்து சொல்லக் கூடாது.

உப்பு என்ன செய்யும் என்று நம்ம பக்கத்து உழவருக்குப் பாடம் நடத்தத் தேவையில்லை. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை அளவு மீறி உறிஞ்சினதால் கடல்நீர் உள்ளே ஏறிவிட்டது. அந்த நிலத்தை ஒரே நாளில் திருத்த முடியுமா? தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, மழைநீரைத் தேக்கி, வருடக்கணக்கில் பாடுபடணும். உடம்பும் அப்படித்தான். கீரை, வாழைத்தண்டு, பயறு, சிறுதானியம், பழம் என்று தட்டு மாறினால் பிரஷர் இறங்க உதவும். இவற்றில் உள்ள பொட்டாசியம் சோடியத்தை வெளியேற்றத் துணை செய்கிறது. அதே பொட்டாசியம் சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு ஆகாமல் போகலாம். அவர்கள் கீரையைக் கூட்டும் முன்னும், சோடியம் குறைந்த உப்பு வாங்கும் முன்னும் மருத்துவரைக் கேட்கணும்.

என் யோசனை இதுதான். நாம் நடத்தும் ஒவ்வொரு இயற்கைச் சந்தையிலும் மாதம் ஒருநாள் ஒரு மேசை போடுவோம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரை அழைத்து பிபி பார்க்கச் சொல்வோம். அதே மேசையில் ஒரு டீஸ்பூனும் ஒரு உப்புப் பாக்கெட்டும் வைத்துக் கணக்கைச் சொல்வோம். அளவு 140/90-ஐத் தாண்டினால் உடனே மருத்துவரிடம் அனுப்புவோம். மாத்திரையைக் கூட்டுவதோ குறைப்பதோ அவர் வேலை. பிரஷர் தானாக இறங்கினால் அவரே குறைப்பார்.

நஞ்சில்லாத கீரையை விற்றுவிட்டு, நஞ்சான யோசனையைக் கூடவே கொடுத்தனுப்பக் கூடாது.