குடிக்காதவர் கல்லீரல்

ஜூலை, ஆகஸ்டில் ஊருக்குப் போகிற நம்மாட்களுக்கு ஒரு புது வழக்கம் வந்திருக்கிறது. திருப்பதியில் மொட்டை, சித்தூரில் சொந்தக்காரர் வீட்டுச் சாப்பாடு, அப்புறம் வேலூரிலோ சென்னையிலோ ஒரு 'மாஸ்டர் செக்கப்'. லட்டுப் பையோடு ஒரு ஃபைலும் விமானம் ஏறி மஸ்கட் வந்து சேரும். ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் 'ஃபேட்டி லிவர், கிரேடு 1' என்றிருக்கும். வெள்ளிக்கிழமை நாலு குடும்பம் சேர்ந்து சாப்பிடும்போது இதைப்பற்றி இரண்டே விதமான பேச்சுதான். ஒன்று, "அது எல்லாருக்கும் இருக்குங்க, விடுங்க." இன்னொன்று, பாதிச் சிரிப்போடு, "என்ன சார், வீட்டுக்குத் தெரியாம ஊத்திக்கிறீங்களா?"

இந்த இரண்டாவது பேச்சுதான் எனக்கு ஆகவே ஆகாது. முதலாவதும் தப்புதான், அதற்கு அப்புறம் வருகிறேன்.

கல்லீரல் கெட்டுப்போனால் குடிதான் காரணம் என்று நினைப்பது நம்ம ஊர்ப் பழக்கம் மட்டுமில்லை. அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் இருந்த யூர்கன் லுட்விக் என்ற நோயியல் மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1980-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். மொத்தம் 20 நோயாளிகள், அதில் பெண்கள்தான் அதிகம். கல்லீரலிலிருந்து எடுத்த சதைத்துணுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அசல் குடிகாரர் கல்லீரல் மாதிரியே இருக்கிறது. கேட்டால் "நான் குடிக்கிறதே இல்லை" என்கிறார்கள். அதுவரை இப்படிப்பட்டவர்களைப் பொய் சொல்கிறார்கள் என்று சந்தேகப்படுவதுதான் வழக்கம். லுட்விக் குழு அவர்கள் பேச்சை நம்பி, பெயரில்லாமல் கிடந்த அந்த நோய்க்கு 'நான்-ஆல்கஹாலிக் ஸ்டியட்டோஹெப்படைட்டிஸ்' என்று பெயர் வைத்தது. சுருக்கமாக 'நாஷ்'. குடிக்காதவருக்கும் கல்லீரலில் கொழுப்பு சேர்வதை அதற்கு முன்னாலும் டாக்டர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆனால் நோயாளி சொன்னதை நோயின் பெயரிலேயே எழுதி வைத்தார்கள் பாருங்கள், என் கணக்கில் அதுதான் பெரிய காரியம்.

அந்தப் பெயர் நம்ம பக்கம் வந்து சேர ரொம்ப நாளானது. எங்கள் பெரியப்பா திருப்பதியில் சாமி படம் விற்கிற சின்னக் கடை வைத்திருந்தார். ஒல்லி உடம்பு, சுத்த சைவம், சனிக்கிழமை ஒருபொழுது. பீடி, வெற்றிலை கூடக் கிடையாது. சர்க்கரை வியாதி மட்டும் இருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் வயிறு வீங்கிப் போய் ஒரு ஆஸ்பத்திரியில் காட்டினோம். பெரியம்மாவையும் இரண்டு மருமகன்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே "எத்தனை வருஷமா குடிக்கிறீங்க?" என்று மூன்று தடவை கேட்டார்கள். இல்லை என்றதற்கு ஒரு சிரிப்பு. சித்தூரில் வீட்டுக்குள்ளே தமிழ், வெளியே தெலுங்கு. இரண்டு பாஷையிலும் செய்தி பரவ ஒரு வாரம்கூட ஆகவில்லை. பெரியப்பா அதற்குப் பிறகு எந்த ஆஸ்பத்திரிப் படியும் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஒன்றரை வருஷத்தில் போய்ச் சேர்ந்தார். அவருக்கு வந்தது இதே வியாதிதானா என்று இன்று யாராலும் நிரூபிக்க முடியாது. 'காரணம் தெரியாத சிரோசிஸ்' என்று அந்தக் காலத்தில் எழுதி வைத்த பல கேஸ்களுக்குப் பின்னால் ஃபேட்டி லிவரும் சர்க்கரையும் இருந்தன என்பது பிற்பாடு தெரியவந்த விஷயம்.

"சரிப்பா, ஆனா ஒல்லியா இருக்கிறவங்களுக்கு எப்படி?" என்பீர்கள். இதற்கு நல்ல பதில் கிடைத்தது மேற்கு வங்கத்தில். கல்கத்தாவின் கல்லீரல் டாக்டர் அபிஜித் சௌத்ரியும் குழுவினரும் பீர்பூம் மாவட்டத்துக் கிராமங்களுக்குப் போய் 1,911 பேரைப் பரிசோதித்தார்கள். ஏசி ரூமில் உட்கார்ந்து பீட்சா தின்கிற கூட்டமில்லை. அரிசிச் சோறு தின்று உடம்பு வணங்கி வேலை செய்கிற ஏழை ஜனங்கள். 2010-ல் முடிவு வெளியானது. 8.7 சதவீதம் பேருக்கு ஃபேட்டி லிவர். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு பி.எம்.ஐ. 25-க்கும் கீழே! பணக்கார நாட்டுக் குண்டர்கள் வியாதி என்று இருந்த நினைப்புக்கு இது ஒரு நல்ல அடி. முந்தின வருஷம்தான் சென்னையில் டாக்டர் வி. மோகன் குழு 541 பேரைப் பார்த்து 32 சதவீதம் என்று சொல்லியிருந்தது. கிராமத்துக்கும் பட்டணத்துக்கும் உள்ள தூரம் இந்த இரண்டு எண்களிலேயே தெரிகிறது. சித்தூர் பக்கத்து ஆள் பட்டணம் தாண்டி மஸ்கட்டே வந்துவிட்டால் எண் எந்தப் பக்கம் போகும் என்பதற்கு கால்குலேட்டர் வேண்டாம்.

ஒல்லிக்குள் கொழுப்பு எப்படி என்பதற்கு புனே டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக் 2004-ல் 'லான்செட்'டில் தன் போட்டோவையே போட்டார். பக்கத்தில் லண்டன்கார நண்பர் ஜான் யட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடம்புக் கொழுப்பு வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2! தராசு ஒன்று காட்டுகிறது, உள்ளே சரக்கு வேறு. வங்கியில் பாலன்ஸ் ஷீட்டைப் பார்த்தே இருபது வருஷம் ஓட்டியவனுக்கு இது புதிதில்லை.

2023 ஜூனில் உலகக் கல்லீரல் சங்கங்கள் சேர்ந்து நோயின் பெயரையே மாற்றின. 'ஆல்கஹால்', 'ஃபேட்டி' இரண்டு வார்த்தையும் நோயாளியைத் தலைகுனிய வைக்கின்றன என்பதும் அதற்கு ஒரு காரணம். புதுப்பெயர் சுருக்கமாக 'மாஸ்ல்ட்'. வளர்சிதை மாற்றக் கோளாறால் கல்லீரலில் கொழுப்பு சேர்வது என்று அர்த்தம். வாயில் நுழையாத பெயர்தான், ஆனாலும் நான் வரவேற்கிறேன். பெரியப்பா ரிப்போர்ட்டில் இப்படி ஒரு வார்த்தை இருந்திருந்தால் ஊருக்கு மெல்ல ஒன்றும் கிடைத்திருக்காது.

இப்போது அந்த முதல் பேச்சு, "எல்லாருக்கும் இருக்கு". எண்ணிக்கையில் அது கிட்டத்தட்ட உண்மைதான். இந்திய ஆய்வுகளைத் தொகுத்து எய்ம்ஸ் டாக்டர்கள் 2022-ல் சொன்ன கணக்கு, பெரியவர்களில் 38.6 சதவீதம். ஆனால் எல்லாருக்கும் அது ஒன்றேபோல் போவதில்லை. பலருக்குக் கொழுப்போடு நின்றுவிடும், சிலருக்குக் கல்லீரலில் தழும்பு ஏறிக்கொண்டே போகும். கல்லீரல் பிழைக்குமா என்பதைத் தீர்மானிப்பது தழும்புதான். ஸ்கேனில் எழுதுகிற கிரேடு 1, 2, 3 கொழுப்பின் அளவு மட்டுமே, தழும்பைப் பற்றி அது வாயே திறக்காது. லிவர் என்சைம் நார்மலாக இருக்கும்போதே தழும்பு ஏறுவதும் உண்டு. தவணை ஒழுங்காக வந்துகொண்டிருக்கும், உள்ளே கடை படுத்திருக்கும், அந்த மாதிரி.

இதைப் பிடிக்க ஃபிப்-4 என்று ஒரு கணக்கு இருக்கிறது. செக்கப் ஃபைலில் ஏற்கனவே இருக்கிற எண்களே போதும், பைசா செலவில்லை. வயதை ஏ.எஸ்.டி.யால் பெருக்குங்கள். பிளேட்லெட் எண்ணிக்கையை (2.5 லட்சம் என்றால் 250) ஏ.எல்.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். வயது 46, ஏ.எஸ்.டி. 38, ஏ.எல்.டி. 49, பிளேட்லெட் 250 என்றால் 1748-ஐ 1750-ஆல் வகுக்க, விடை ஏறக்குறைய 1. இது 1.3-க்குக் கீழே, பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. அதே ஆளுக்குப் பிளேட்லெட் 140 என்றால் விடை 1.78. அப்போது ஃபைப்ரோஸ்கேன் பற்றி டாக்டரிடம் கேட்டே ஆகவேண்டும். 2.67-ஐத் தாண்டினால் தள்ளிப்போடாமல் கல்லீரல் டாக்டரைப் பாருங்கள். (35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கு சரிப்படாது, 65-க்கு மேல் 1.3-க்குப் பதில் 2 என்று வைத்துக்கொள்வார்கள்.) இத்தனை ஆயிரம் வாங்கிக்கொண்டு செக்கப் செய்கிறவர்கள் இந்த ஒரு வரியைக் கூட்டி எழுதினால் என்ன என்று எனக்குப் புரியவே இல்லை.

மருந்து? அமெரிக்காவில் 2024 மார்ச்சில் ரெஸ்மெட்டிரோம், 2025 ஆகஸ்டில் செமாக்ளூடைட் இந்த நோய்க்கு அனுமதி பெற்றன. இரண்டுமே தழும்பு ஓரளவு ஏறி, சிரோசிஸ் ஆகாதவர்களுக்கு. மற்றவர்களுக்கு எடைதான் வைத்தியம். கியூபாவில் 293 பேரை ஒரு வருஷம் கவனித்து 2015-ல் வெளியிட்டார்கள். எடையில் பத்து சதவீதம் இறக்கியவர்களில் 90 சதவீதம் பேருக்கு நாஷ் போயேவிட்டது. ஒல்லி ஆட்களுக்கு அதில் பாதி இறக்கினாலே பலன் தெரியும் என்கிறார்கள். நாங்கள் மாம்பழக் கூழும் வெல்லமும் காய்ச்சுகிற ஜில்லாக்காரர்கள், இனிப்பை விடு என்று சொல்ல நாக்கு வராது. ஆனால் இங்கே தாகத்துக்கு டின் ஜூஸ் குடிக்கிறோமே, அதில் இருக்கிற ஃப்ரக்டோஸ் நேராகக் கல்லீரலுக்குத்தான் போகிறது, அங்கேயே கொழுப்பாகிறது. அதை நிறுத்த யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அம்மா, அப்பா, மாமியார் ஃபைலையும் கேட்டு வாங்குங்கள், முக்கியமாக சர்க்கரை உள்ளவர்களுடையதை. "நாங்கதான் குடிக்கிறதில்லையே" என்பார்கள். கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டே பெட்டியைக் கட்டுங்கள்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, வெறும் பி.காம். கணக்கு மட்டும் சரியாக இருக்கும், வைத்தியத்துக்கு உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.