நான்கு கோட்டு நோட்டுக்கு முன்னால்: மழலையர் எழுத்துப் பயிற்சி குறித்து எங்கள் நிலைப்பாடு

எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளுக்குக் கட்டாயமாகக் கொடுக்கப்படும் எழுத்துப் பயிற்சியை நிறுத்த வேண்டும் என்பது எங்கள் அமைப்பின் நிலைப்பாடு. 5 வயது நிறையாத எந்தப் பிள்ளைக்கும் பார்த்து எழுதும் வேலையோ, புள்ளிக்கோட்டின் மேல் எழுதும் ஏடோ, வீட்டுப்பாடமோ, எழுத்துத் தேர்வோ இருக்கக் கூடாது. 5 வயதுக்கு மேல் பிள்ளை தானாக எழுத ஆசைப்பட்டால் தாளும் பென்சிலும் கொடுக்கலாம். எழுதவில்லை என்பதற்காக 6 வயது வரை யாரையும் குறை சொல்லக் கூடாது.

இந்த முடிவுக்கு எங்களைக் கொண்டுவந்த பேச்சு ஒரு நோட்டிலிருந்து தொடங்கியது. எங்கள் உறுப்பினர் ஒருவர் கூட்டத்துக்கு எடுத்து வந்தது. மூன்றே முக்கால் வயதுப் பெண் பிள்ளையின் நான்கு கோட்டு நோட்டு. முதல் வரியில் ஆசிரியரின் அழகான கையெழுத்தில் ஆங்கிலச் சின்ன ‘ஏ’. கீழே பக்கம் முழுக்கப் பிள்ளை எழுத வேண்டும். முதல் சில வரிகளில் பென்சிலை எவ்வளவு அழுத்தியிருக்கிறாள் என்பது தாளைத் திருப்பித் தடவினால் விரலுக்குத் தெரிகிறது. பாதிப் பக்கத்துக்குக் கீழே எழுத்துகள் கோட்டை விட்டு இறங்கிவிடுகின்றன. கடைசி இரண்டு வரி மட்டும் மறுபடி நேராக இருக்கிறது, ஏனென்றால் அவை அம்மா எழுதியவை. தூங்கி வழிந்த பிள்ளையின் கைக்குள் பென்சிலை வைத்து, அந்தக் கையைத் தன் கைக்குள் பிடித்து எழுதி முடித்திருக்கிறார். மறுநாள் அந்தப் பக்கத்துக்குச் சிவப்பு மையில் நட்சத்திரம் கிடைத்திருக்கிறது. அந்தத் தாயையும் ஆசிரியரையும் நாங்கள் குற்றம் சொல்லவில்லை. இருவரையும் அந்த இடத்துக்குத் தள்ளிய ஏற்பாட்டைத்தான் கேள்வி கேட்கிறோம்.

கையைப் பற்றி ஒரு விளக்கம். பிறக்கும்போது மணிக்கட்டின் 8 எலும்புகளும் வெறும் குருத்தெலும்பு; ஏறத்தாழ ஆண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் மெல்ல மெல்ல இறுகுகின்றன. இதைக் காட்டும் எக்ஸ்ரே படங்களைப் போட்டு, எலும்பு முற்றவில்லை, எனவே எழுதக் கூடாது என்று பலர் பரப்புகிறார்கள். அந்த ஒரு வாதத்தை மட்டும் நம்பி நாங்கள் பேசவில்லை. எலும்பைவிட முக்கியம், தோளிலிருந்து விரல் நுனிக்குக் கட்டுப்பாடு இறங்கி வரும் வரிசை. சின்னப் பிள்ளை முழுக் கையையும் ஆட்டிக் கிறுக்கும், பிறகு முழங்கை அடங்கும், பிறகு மணிக்கட்டு, மூன்று விரல்களுக்குள் பென்சில் வந்து அமர்வது கடைசியில். இந்த வரிசையைப் பல்லாங்குழி வளர்க்கும், ஒரு கைப்பிடிப் புளியங்கொட்டையைக் குழிக்கு ஒன்றாக விடும்போது. பூ தொடுப்பது வளர்க்கும், சப்பாத்தி மாவை உருட்டுவது வளர்க்கும், பருப்பில் கல் பொறுக்குவது வளர்க்கும். நான்கு கோட்டு நோட்டு இந்த வளர்ச்சி எல்லாம் முடிந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு தொடங்குகிறது.

மனம் வளரும் வழியைப் பற்றிப் பேச வேண்டுமானால் குழந்தை உளவியலாளர் பியாஜேயைத் தவிர்க்க முடியாது. அவருடைய சோதனையை எந்த வீட்டுச் சமையலறையிலும் செய்து பார்க்கலாம். ஒரே அளவான இரண்டு டபராக்களில் மோர் ஊற்றுங்கள். இரண்டும் சமம் என்று 4 வயதுப் பிள்ளை ஒப்புக்கொள்ளும். அதன் கண் முன்னாலேயே ஒன்றை மட்டும் ஒல்லியான உயர டம்ளருக்கு மாற்றி, எதில் அதிகம் என்று கேளுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் டம்ளரைக் காட்டும். இதை அறிவுக்குறைவு என்று எண்ண வேண்டாம். 2 முதல் 7 வயது வரை பிள்ளை கண்ணுக்குப் படுவதை வைத்துச் சிந்திக்கிறது. மனத்துக்குள் மோரைத் திரும்ப டபராவில் ஊற்றிப் பார்க்கும் திறன் பிறகுதான் வருகிறது. இந்தப் படிநிலைகளைச் சீக்கிரமாக்க முடியாதா என்று அமெரிக்காவில் போகுமிடமெல்லாம் பியாஜேயிடம் கேட்டார்கள். அதற்கு அவர் ‘அமெரிக்கக் கேள்வி’ என்றே பெயர் வைத்தார். இன்று அது நம் ஊர்க் கேள்வியாகிவிட்டது. சேர்க்கை நாளில் பெற்றோர் வேறெதைக் கேட்கிறார்கள்?

ஆனால் பியாஜே சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு, பிள்ளைக்கு இது வராது, அது வராது என்று கதவைச் சாத்துவதும் தவறு. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் மார்கரெட் டொனால்ட்சன் 1978இல் எழுதிய நூலில் இதைத்தான் எடுத்துக் காட்டினார். சமமாக அடுக்கிய இரண்டு வரிசை வில்லைகளில் ஒன்றைப் பெரியவர் கலைத்துவிட்டுக் கேட்டால் பிள்ளைகள் பலர் தவறாகச் சொல்கிறார்கள். அதே வேலையை ஒரு குறும்புக்காரக் கரடிப் பொம்மை செய்துவிட்டது போல் நடித்துக் கேட்டால், இன்னும் எத்தனையோ பிள்ளைகள் எண்ணிக்கை மாறவில்லை என்று சரியாகச் சொல்கிறார்கள். கேள்விக்கு ஒரு பொருள் இருந்தால் பிள்ளையின் திறன் வெளியே வருகிறது. எழுத்துக்கும் இது அப்படியே பொருந்தும்.

இங்கே எங்களுக்கு மிகவும் துணையாக இருப்பவர் லெவ் வைகாட்ஸ்கி. பியாஜே பிறந்த அதே 1896இல் பிறந்து, 37 வயதில் காசநோயால் இறந்த ரஷ்ய உளவியலாளர். பிள்ளை தனியாகச் செய்யக்கூடியதற்கும், பெரியவர் கைகொடுத்தால் செய்யக்கூடியதற்கும் நடுவில் உள்ள இடத்தில்தான் கற்பித்தல் நடக்க வேண்டும் என்றவர். பின்னால் வந்தவர்கள் அந்தக் கைகொடுப்புக்குச் ‘சாரம்’ என்று பெயர் வைத்தார்கள். கட்டடம் எழும்ப எழும்பப் பிரித்து எடுக்கும் சாரம். எங்களை எதிர்த்துப் பேசுகிறவர்களும் வைகாட்ஸ்கியை மேற்கோள் காட்டலாம், ஏனென்றால் பள்ளி வயதுக்கு முன்பே எழுத்து வரலாம் என்றவர் அவர். அதை மறைக்க வேண்டிய அவசியம் எங்களுக்கு இல்லை. அவர் வைத்த நிபந்தனைதான் முக்கியம்: எழுத்து பிள்ளைக்குத் தேவைப்பட வேண்டும். சைகை, பாவனை விளையாட்டு, படம் ஆகியவற்றை எழுத்தின் முன்வரலாறாக அவர் பார்த்தார். தென்னை மட்டையைக் குதிரையாக்கி ஓட்டுகிற பிள்ளை, ஒன்றை வைத்து இன்னொன்றைக் குறிக்கக் கற்றுக்கொள்கிறது. பொருளை வரைவது போலப் பேச்சையும் வரையலாம் என்று ஒரு நாள் அதற்குப் பிடிபடும். எழுத்து அங்கிருந்துதான் தொடங்குகிறது. விரலுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு அதை எழுத்து என்று சொல்வதை அவர் ஏற்கவில்லை.

மாண்டிசோரி முறையில் 4 வயதிலேயே எழுதுகிறார்களே என்று கேட்பார்கள். எழுதினார்கள்தான். 1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் மரியா மாண்டிசோரி தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில், உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவி, அதன் ஒலியைச் சொல்லி விளையாடினார்கள். எழுது என்று யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் மொட்டை மாடியில் புகைபோக்கியைச் சுண்ணக்கட்டியால் வரைந்துகொண்டிருந்த 5 வயதுச் சிறுவன், தனக்கு எழுத வருகிறது என்று திடீரென்று கூவினான். மண்டியிட்டுத் தரையில் அவன் எழுதிய முதல் சொல் ‘கை’. பிறகு ‘புகைபோக்கி’, ‘கூரை’. அந்த மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர்க்காலத்தில் இத்தாலியர் என்பதால் ஊர் திரும்ப முடியாமல், கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் பிள்ளைகளோடு வேலை செய்தார். அவர் பெயரைப் பலகையில் எழுதிவிட்டு உள்ளே நான்கு கோட்டு நோட்டை நிரப்பச் சொல்லும் பள்ளிகள் இன்று நம்மிடையே இருப்பது எங்களுக்கு வருத்தம் தருகிறது.

புள்ளிக்கோட்டு ஏடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைகளில் அடுக்கடுக்காக விற்பவை அவைதான். எழுதப் படிக்கத் தெரியாத 5 வயதுப் பிள்ளைகளைக் கொண்டு அமெரிக்காவில் கரின் ஜேம்ஸ் செய்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், தாங்களாகவே கோணல்மாணலாக எழுதிப் பழகிய எழுத்தைப் பார்க்கும்போதுதான் வாசிப்போடு தொடர்புள்ள மூளைப் பகுதிகள் விழித்தன. புள்ளியின் மேல் வரைந்தாலோ தட்டச்சு செய்தாலோ அந்த விளைவு இல்லை. சிறிய ஆய்வுதான், ஆனால் கோணலான எழுத்தைத் திருத்தத் துடிக்கும் கை கொஞ்சம் பொறுக்கலாம் என்பதற்கு அது போதும்.

ஆங்கிலவழி மழலையர் வகுப்பில் சிக்கல் இரட்டிப்பாகிறது. எழுத்து பேச்சின் படம் என்றால், பேசாத மொழியில் எழுதும் பிள்ளை எதை வரைகிறது? சைலஃபோனை வாழ்நாளில் கேட்டிராத பிள்ளை அதன் முதல் எழுத்தை நாற்பது தடவை எழுதுகிறது. பிள்ளை வீட்டில் பேசும் மொழியில், அந்த மொழியின் கதையிலும் பாட்டிலும் திளைத்த பிறகுதான் எழுத்து வர வேண்டும். ஆங்கிலமும் முதலில் காதுக்குள் போகட்டும்.

இனி, பெற்றோரின் பயம். யு.கே.ஜி.யில் எழுதாவிட்டால் முதல் வகுப்பில் பிள்ளை பின்தங்கிவிடும் என்கிறார்கள். இது நியாயமான பயம். முதல் வகுப்பு ஆசிரியர் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே எழுத வரும் என்று வைத்துக்கொண்டு பாடத்தைத் தொடங்கினால், எழுதாத பிள்ளை நிச்சயம் தவிக்கும். அதனால் முதலில் மாற வேண்டியது முதல் வகுப்பு. அங்கே முதல் பருவம் முழுக்க எழுத்தைப் புதிதாகத் தொடங்க வேண்டும். தாமதமாகத் தொடங்கினால் ஈடுகட்ட முடியாது என்பதற்கு ஆதாரம் இல்லை. நியூசிலாந்தில் 5 வயதில் வாசிக்கத் தொடங்கியவர்களையும் 7 வயதில் தொடங்கியவர்களையும் செபாஸ்டியன் சுகேட்டும் உடன் ஆய்வாளர்களும் ஒப்பிட்டார்கள். 11 வயது வாக்கில் வாசிப்புத் திறனில் இருவருக்கும் வேறுபாடு இல்லை.

கல்வி உரிமைச் சட்டத்தின் உறுதி 6 வயதில்தான் தொடங்குகிறது என்பதால் 3 முதல் 6 வரையிலான பிள்ளைகள் பெரும்பாலும் பள்ளி நிர்வாகத்தின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறார்கள். 1, 2-ஆம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் சொன்னது. மத்திய அரசின் 2020 பள்ளிப் பை கொள்கை, மழலையர் வகுப்புக்குப் பையே வேண்டாம் என்கிறது. 2-ஆம் வகுப்புக்குக் கூடாதது எல்.கே.ஜி.க்கு எப்படிக் கூடும்? அங்கன்வாடிகளுக்காகத் தமிழக அரசே ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்று ஒரு பாடத்திட்டம் வைத்திருக்கிறது. அந்தப் பெயருக்குள் இருக்கும் அறிவு தனியார் மழலையர் பள்ளிகளுக்கும் விதியாக வேண்டும் என்று அரசைக் கேட்கிறோம். பள்ளி ஆய்வுக்கு வருகிற அதிகாரிகள் நோட்டைப் புரட்டுவதை விட்டு, பிள்ளைகள் எவ்வளவு நேரம் பேசுகிறார்கள், எதைக் கையில் எடுத்துச் செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். சேர்க்கைக்காகப் பிள்ளையை எழுதச் சொல்லிச் சோதிப்பது எந்தப் பெயரிலும் நடக்கக் கூடாது.

எங்கள் உறுப்பினர்கள் நடத்தும் மழலையர் மையங்களில் வரும் விஜயதசமி முதல் இதை முழுமையாக நடைமுறைப்படுத்துகிறோம். வழக்கம்போல அன்று தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுத வைப்போம். மறுநாள் அந்தத் தாம்பாளத்தை எடுத்து உள்ளே வைக்கமாட்டோம். அரிசிக்குப் பதில் மணலோ ரவையோ நிரப்பி, பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் ஆண்டு முழுக்க அது வகுப்பில் இருக்கும். பெற்றோர் எந்த நாளிலும் காலை 10 மணிக்கு வந்து, பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கலாம், முன்னறிவிப்பு தேவையில்லை.