அறுவர் வாக்கும் அதன் பாடமும்

மக்களாட்சியின் நலம் வாக்களிப்போர் தொகையில் அடங்கியுள்ளதென்பர் சிலர். வாக்களிப்போர்தம் உரிமையில் அடங்கியுள்ளதென்பர் பிறர். இவ்விரண்டனுள் ஒன்று நிறைவுறுமிடத்து மற்றொன்று குன்றுதலும் கூடுமென்பதை, அமெரிக்க ஐக்கிய நாடுகளிலுள்ள ஒரு சிற்றூரின் வரலாறு நமக்கு விளக்குகின்றது.

நியூ ஹாம்ஷயர் மாகாணத்தின் வடபகுதியில், மலைக் கணவாயொன்றில் அமைந்துள்ளது டிக்ஸ்வில் நாட்ச் என்னும் அவ்வூர். ஆங்கிருந்த பால்சம்ஸ் என்னும் பெருவிடுதியின் உரிமையாளராகிய நீல் டில்லட்சன் என்பார், ஊரார் வாக்களிக்க நெடுந்தொலை செல்லவேண்டியிருந்த இடரை நீக்கக் கருதி, 1960-ஆம் ஆண்டில் ஊரிலேயே வாக்குச் சாவடி அமைய வழி செய்தார். பதிவு பெற்றோர் அனைவரும் வாக்களித்துவிடின், சாவடியை அப்பொழுதே மூடிவிட அம்மாகாணச் சட்டம் இடந்தருகின்றது. ஆதலின் தேர்தல் நாள் பிறக்கும் நள்ளிரவிலேயே ஊரார் அனைவரும் கூடி வாக்களிப்பர். சில நிமிடங்களில் எண்ணிக்கையும் முடியும். நாட்டினர் துயிலெழுமுன் முடிவு எங்கும் பரவிவிடும்.

இம்முடிவை வருவது உரைக்கும் நிமித்தமாகக் கொள்வாரும் உளர். அது பொருந்தாது. 1960-இல் நிக்ஸன் 9 வாக்குகளையும் பெற்றார். கென்னடிக்கு ஒன்றேனும் கிடைத்திலது. ஆயினும் நாட்டின் தலைவரானவர் கென்னடியே. 2012-இல் ஒபாமாவும் ராம்னியும் 5 வாக்குகள் வீதம் பெற்றனர். 2024-இல் வாக்களித்த அறுவரும் ஹாரிஸுக்கு 3, டிரம்ப்புக்கு 3 எனப் பிரிந்தனர். இவற்றால் நாட்டின் போக்கை எங்ஙனம் அறிதல் கூடும்?

நாம் போற்றத்தக்கது அவ்வூராரின் நிறைந்த வருகையே. 2014-ஆம் ஆண்டுக் காங்கிரஸ் தேர்தலில், அந்நாட்டு வாக்குரிமையாளருள் நூற்றுக்கு ஏறத்தாழ 36 பேரே வாக்களித்தனர். 1942-க்குப் பின்னர் அத்துணைக் குறைவு நேர்ந்ததில்லை. நூறாண்டுகளில் காணாத உயர்வெனப் பாராட்டப்பெற்ற 2020-ஆம் ஆண்டுத் தேர்தலிலும் மூவருள் ஒருவர் வாராதொழிந்தனர். ‘எம் ஒரு வாக்கால் ஆவதென்ன?’ என்பதே அன்னார் கூற்று. 2017-இல் வர்ஜீனியா மாகாணச் சட்டசபைத் தொகுதியொன்றில் இருவர் 11,608 வாக்குகள் வீதம் பெற்றுச் சமமாயினர். மறு ஆண்டின் தொடக்கத்தில் இருவர் பெயரையும் ஒரு கிண்ணத்திலிட்டு, ஒன்றை எடுத்தே வெற்றியை முடிவு செய்தனர். அன்று வீட்டிலிருந்தோர் ஒவ்வொருவரும் தம் தீர்ப்பைத் திருவுளச்சீட்டிடம் ஒப்படைத்தவராயினர். ஒரு வாக்கின் ஆற்றல் பேரூரிலும் உண்டு. சிற்றூரில் அது கண்முன் தோன்றுகின்றது, அவ்வளவே.

எனினும் சிறுமைக்கு ஒரு குறையும் உண்டு. ஒன்பது வாக்கும் ஒருவர்க்கே விழுந்தபோது, ஒன்பதின்மர் உள்ளமும் உலகறிய வெளிப்பட்டுவிட்டது. 2020-இல் 5 வாக்குகளும் பைடனுக்கே விழுந்தபோதும் அஃதே நிகழ்ந்தது. மறை வாக்கு எளிதிற் கிடைத்த உரிமையன்று. அந்நாட்டு மாகாணங்களுள் மாசசூசெட்ஸ் முதன்முதலாக 1888-இல் ஆஸ்திரேலிய முறையைத் தழுவி அதனை ஏற்றது. முதலாளி முன்னிலையில் தொழிலாளியும், நிலக்கிழார் முன்னிலையில் குடியானவனும் அஞ்சாது வாக்களிக்கவே அவ்வேற்பாடு தோன்றிற்று. டிக்ஸ்வில் நாட்சில் எவரும் எவரையும் அச்சுறுத்தினர் என்று நாம் கூறவில்லை. ஆயினும் ஒரே விடுதியைச் சார்ந்து வாழ்வோர் சிலரே கூடி வாக்களிக்குமிடத்து, ஒருவர் மட்டும் மாறுபடுதற்கு வேண்டும் நெஞ்சுரம் பெரிதன்றோ?

ஆகவே, நள்ளிரவுக் காட்சியை வியந்து நிற்றல் போதாது. ‘நீர் ஏன் இன்னும் வந்திலீர்?’ என்று அயலார் அன்புடன் வினவும் சிற்றூர்ப் பண்பு பேரூர்களிலும் பரவுதல் வேண்டும். ‘நீர் யாருக்கு அளித்தீர்?’ என்று எவரும் அறியவொண்ணாத பேரூர்க் காப்பு சிற்றூர்களிலும் நிலவுதல் வேண்டும். மிகச் சில வாக்காளரேயுள்ள ஊர்களின் வாக்குகளை அண்டை ஊர் வாக்குகளுடன் கலந்து எண்ணுதல் இதற்கு ஒரு வழியாகும். அதனால் ஊரின் புகழ் சிறிது குறையினும், வாக்காளரின் உரிமை காக்கப்பெறும். வாக்களிக்க வந்ததை ஊர் அறிக; அளித்த வாக்கினை அளித்தவர் மனச்சான்று மட்டுமே அறிக.