பொழுதுபோக்கும் பொருளீட்டலும்

பின்னல் வேலை இருவகைப்படும். இரண்டு ஊசிகளிற் கண்ணிகளை வரிசையாக ஏற்றியும் இறக்கியும் கம்பளிச் சட்டை, காலுறை, தொப்பி முதலியன செய்வது ஒன்று. முனையிற் கொக்கியுடைய ஒற்றை ஊசியால் கண்ணிக்குள் கண்ணியாக நூலை இழுத்துப் பூவும் வலையும் போலப் பின்னுவது மற்றொன்று. இதனைக் குரோஷே என்பர். இரண்டிற்கும் வேண்டுங் கருவி சிறிது, முதலும் சிறிது, இடமோ திண்ணையின் ஒரு மூலை போதும். ஆதலின், ஓய்வு நேரத்தில் இக்கலையைப் பழகியவர், இதனையே ஒரு சிறுதொழிலாக்கிப் பொருளீட்டினால் என்ன என்று எண்ணுவது இயல்பே. அவ்வெண்ணம் வரவேற்கத் தக்கது. ஆயினும் அதில் ஓர் இடர் உண்டு. தொழிலாக மாறிய பின்னரும் பொழுதுபோக்கு என்னும் பழைய பெயர் அதனை விட்டு நீங்குவதில்லை. அப்பெயரே தொழிலுக்குப் பகையாகிறது.

பின்னிய பொருளுக்கு விலை கூறினால், "வீட்டிற் சும்மா இருக்கும் நேரத்திற் செய்ததுதானே! இதற்கா இவ்வளவு?" என்கிறார் வாங்க வந்தவர். அவர் அங்ஙனம் கூறுவது வியப்பன்று. பின்னியவளும் அவ்வாறே எண்ணுகிறாள். அதுவே வருந்தத் தக்கது. ஒருத்தி நானூறு ரூபாய்க்கு நூல் வாங்கி, நாற்பது மணி நேரம் உழைத்து ஒரு போர்வை பின்னினாள் எனக் கொள்வோம். அதனை ஆயிரம் ரூபாய்க்கு விற்று, அறுநூறு ரூபாய் மிச்சம் என்று மகிழ்கிறாள். அறுநூற்றை நாற்பதால் வகுத்துப் பார்த்தாளில்லை. மணிக்குப் பதினைந்து ரூபாய்! வேறொருவர் வீட்டிற் சென்று அக்கூலிக்கு வேலை செய்ய அவள் இசைவாளா?

கையின் உழைப்பைக் கணக்கில் எடாமை இன்று தோன்றியதன்று. ஸ்காட்லாந்துக்கு வடக்கே, குளிர்ந்த கடலின் நடுவே, ஷெட்லாந்து என்னும் தீவுக்கூட்டம் உள்ளது. அங்கு ஆடவர் கடல்மேற் சென்று மீன்பிடிக்க, மகளிர் நிலத்தையும் கால்நடையையும் பேணினர். சதுப்பு நிலத்தில் வெட்டி உலர்த்திய எரிமண்ணைக் கூடையில் முதுகிற் சுமந்து நடக்கும்போதும் அவர்தம் கைகள் பின்னிக்கொண்டேயிருந்தன. மணமோதிரத்தின் வழியே இழுத்துவிடத்தக்க அத்துணை மெல்லிய போர்வைகளை அவர்கள் பின்னினர். உலகம் வியந்த அக்கைகளுக்குக் கிடைத்தது யாது? 19ஆம் நூற்றாண்டில் வணிகர் பெரும்பாலும் காசு கொடுத்தாரல்லர். தம் கடையிலுள்ள துணியும் தேயிலையும் கொடுத்தனர். வீட்டிற் பசித்திருக்குங் குழந்தைக்குத் தேயிலை உணவாகுமா? ஆதலின், பெற்ற தேயிலையைப் பிறரிடங் கொண்டு சென்று மாவுக்கு மாற்றிய மகளிரும் இருந்தனர். 1872இல் அரசினர் அமைத்த விசாரணையில் இச்செய்திகள் பின்னுவோர் வாய்மொழியாகவே வெளிவந்தன. கூலியைப் பொருளாகக் கொடுப்பதைத் தடுக்கும் சட்டம், 1887இல் தத்தம் வீட்டிலிருந்து பின்னுவோருக்கும் விரிவாக்கப்பட்டது. எனினும் அவ்வழக்கம் உடனே ஒழிந்துவிடவில்லை.

தொலைநாட்டுச் செய்தி என்று இதனைத் தள்ளிவிடல் வேண்டா. ஆந்திர நாட்டில், கோதாவரி ஆறு கடலோடு கலக்கும் பகுதியிலுள்ள நரசாபுரம் குரோஷே வேலைக்குப் பெயர் பெற்றது. 19ஆம் நூற்றாண்டிற் கிறித்தவச் சமயத் தொண்டர் வழியாக அங்குப் பரவிய இக்கலை, நாளடைவில் அயல்நாட்டு ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. மரியா மீஸ் என்னும் செர்மானியச் சமூகவியல் அறிஞர் அவ்வூர்ப் பெண்டிரின் நிலையை நேரில் ஆராய்ந்து 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். அம்மகளிர் வீட்டு வேலையோடு நாள்தோறும் பல மணி நேரம் பின்னினர். இருந்தும் அவர்களைத் தொழிலாளர் என்று எவரும் கருதவில்லை; ஓய்வைப் பயனுறக் கழிக்கும் இல்லத்தரசியர் என்றே கருதினர். கூலி மிகக் குறைந்ததற்கு இக்கருத்தும் ஒரு காரணம் என்று அவர் காட்டினார். மேலும், ஒருத்தி பூக்களை மட்டும் பின்னுவாள். மற்றொருத்தி அவற்றை இணைப்பாள். முழுப்பொருளைக் காணாதவள் அதன் விலையை எங்ஙனம் அறிவாள்? அவ்வூர்ப் பின்னலுக்கு 2024இற் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயருக்குக் கிடைத்த காப்பு அது. கூலி உயர்வு தானே வந்துவிடாது.

தமிழ் மரபிற் கையின் வேலை இழிவாகக் கருதப்பட்டதன்று. நன்னூல் செய்த பவணந்தியார், நூல் இயற்றும் புலவனுக்கு நூல் நூற்கும் பெண்ணையே உவமையாக்கினார். புலவனுக்குப் பரிசில் உண்டு. நூற்றவளுக்குக் கிடைத்தது யாது என்பதை மட்டும் இலக்கணம் கூறவில்லை.

விலையை உயர்த்தினால் வாங்குவார் இரார் என்பர் சிலர். அது முற்றிலும் பொய்யன்று. ஊசிப்பின்னலைப் பொறி செய்யும். 1589இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் அதற்குரிய சட்டத்தை அமைத்தார். இன்று திருப்பூரிற் பொறிகள் பின்னிக் குவிக்கும் ஆடையோடு கையாற் பின்னிய ஆடை விலையிற் போட்டியிட முயல்வது வீண். குரோஷே அத்தகையதன்று. ஆலைகள் கைக்கொள்ளத்தக்க குரோஷேப் பொறி இன்னும் வழக்கிற்கு வரவில்லை. ஆகவே கடையில் ஒரு குரோஷேப் பை மிக மலிவாகத் தொங்குமாயின், அதனைப் பொறி மலிவாக்கவில்லை. யாரோ ஒருத்தியின் பொழுது கூலியின்றிப் போயிருக்கிறது. அம்மலிவைக் கண்டு தன் விலையையும் தாழ்த்துபவள், அவளோடு தானும் அப்பள்ளத்தில் இறங்குகிறாள்.

இதற்கு வழி இல்லாமலில்லை. நாற்பது மணி வேண்டும் போர்வையை விடுத்து, இரண்டு மூன்று மணியில் முடியும் குழந்தைத் தொப்பி, பணப்பை, பொம்மை ஆகியவற்றிற் தொடங்கலாம். இவற்றிற்கு முறையான கூலி சேர்த்து விலை கூறினும் வாங்குவார் அஞ்சார். தொழிலின் ஒழுங்கும் வேண்டும். ஒரே நிறமென்று வாங்கிய நூலுருண்டைகள், சாயத் தொகுதி எண் வேறுபட்டால், பின்னிய பின்னர் இருநிறமாகத் தோன்றும்; ஆதலின் வேண்டும் நூல் முழுவதையும் ஒருங்கே வாங்க வேண்டும். தொடங்குமுன் ஒரு சிறு மாதிரித் துண்டு பின்னி, ஒரு சாணுக்கு எத்தனை கண்ணி என எண்ணாதவள், பாதியிற் பிரித்துப் பின்னியே நேரத்தை இழப்பாள். ஒரு குறிப்பேட்டில் நூலின் விலை, தொடங்கிய நேரம், முடித்த நேரம் ஆகியவற்றை நாள்தோறும் எழுதுதல் நன்று. விலை கேட்பவரிடம் நாணாமற் பேசும் துணிவை அவ்வேடு தரும்.

பிள்ளை பிறந்த வீட்டுக்குத் தங்கை விரும்பினாள் என்று ஒரு தொப்பி பின்னிக் கொடுத்தால், அதனை அவ்வேட்டில் எழுத வேண்டியதில்லை. அது கொடை. ஆனால் அதே தொப்பியைக் கண்டு அடுத்த வீட்டார் பத்துத் தொப்பி கேட்பாராயின், அன்றே ஏட்டைத் திறந்து நேரத்தைக் குறிக்க வேண்டும்.