தலை தப்பியது தம்பிரான் புண்ணியம்

போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு அம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தாள். அவள் பெண் விலங்கியல் பட்டம் வாங்கியவள். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறாள். இப்போது வேலையை விட்டுவிட்டு மேலே படிக்க வேண்டுமாம். எதைப் பற்றித் தெரியுமா? கடற்பாசி தின்னும் நத்தையைப் பற்றி!

“நீங்களே சொல்லுங்கள் அக்கா. மாதம் பிறந்தால் சம்பளம் கைக்கு வருகிறது. அதை விட்டுவிட்டு நத்தையா? அதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்?”

நியாயமான கேள்விதான். அந்தப் பெண்ணையே கூப்பிட்டுக் கேட்டேன். அவள் சொன்னதையும், பிறகு நான் படித்ததையும் நேயர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

இது ராமநாதபுரம் கரையில் சொல்லும் கடல் அட்டை அல்ல. அது வேறு பிராணி. இது ஓடில்லாத நத்தை. பெரும்பாலானவை சுண்டுவிரல் நீளம்கூட இரா. அலை வடிந்ததும் பாறைக் குழிகளில் தேங்கும் நீரில், பாசியோடு பாசியாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஒற்றை வரிசைப் பல்லால் பாசியில் துளை போட்டுச் சாற்றை உறிஞ்சும். தேய்ந்த பல்லைக்கூட எறியாமல் உடம்புக்குள் ஒரு பையில் போட்டு வைத்துக்கொள்ளும். நம் பாட்டிமார் தோற்றார்கள், போங்கள்!

எலிசியா என்ற இனம் இன்னும் கெட்டி. பாசியிலுள்ள பசுங்கணிகங்களைச் செரிக்காமல் தன் உடம்பில் பரப்பி வைத்துக்கொள்ளும். வெயிலைக் கொண்டு செடி சமைக்கிற அடுப்பு அதுதான் அல்லவா? 1965-ல் ஜப்பானில் கவாகுட்டி, யமாசு என்ற இருவர் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்து இதைக் கண்டுபிடித்தார்கள். அமெரிக்கக் கரையிலுள்ள ஓர் இனம் அதை மாதக்கணக்கில் காப்பாற்றுகிறது. அந்த அடுப்பில் நத்தை உண்மையிலேயே சமைக்கிறதா, அல்லது பஞ்ச காலத்துக்கு வடாம் மாதிரி சேர்த்து வைத்துத் தின்கிறதா என்று விஞ்ஞானிகள் இன்னும் வாதாடுகிறார்கள்.

இனிமேல்தான் விசித்திரம். ஜப்பானில் நாரா மகளிர் பல்கலைக்கழக மாணவி சயாகா மிதோ ஒருநாள் நத்தைத் தொட்டியைப் பார்த்தார். ஒரு தலை மட்டும் தனியே ஊர்ந்து கொண்டிருந்தது! இதயத்தோடு சேர்த்து முழு உடம்பையும் அது தானே கழற்றிப் போட்டிருந்தது. செத்துவிடும் என்றுதான் நினைத்தார். ஆனால் காயம் ஆறியது. தலை பாசியைத் தின்னத் தொடங்கியது. சுமார் மூன்று வாரத்தில் புது இதயம், புது உடம்பு எல்லாம் முளைத்துவிட்டன. உடம்புக்குள் குடிபுகுந்த ஒட்டுண்ணியைத் தொலைக்கத்தான் இந்த வித்தையோ என்று எண்ணுகிறார்கள். 2021-ல் இது வெளியானபோது உலகமே மூக்கில் விரலை வைத்தது.

பிரயோஜனத்துக்கு வருகிறேன். 1993-ல் ஹவாய்த் தீவின் எலிசியாவில் கஹலலைடு என்ற பொருளைக் கண்டார்கள். அதைப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். மருந்தாகக் கடைக்கு வரவில்லை. இலங்கையில் டாக்டர் கெலார்ட் 1858-லேயே எழுதி வைத்த எலிசியா கிராண்டிபோலியா என்ற இனம் நம் நாட்டுக் கடலிலும் உண்டு. அதிலும் அதே வகைப் பொருள்கள் இருப்பது 2006-ல் தெரிந்தது. ஆனால் தயாரிப்பது நத்தை அல்லவாம். பாசிக்குள் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா! அது 2019-ல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. பாசி போனால் நத்தையும் போகும், மருந்தும் போகும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மாள், “சரி, சம்பளம்?” என்றாள்.

அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பெண்தான் சொன்னாள்: “இன்னும் ஒரு வருஷம் வேலை பார்க்கிறேன் அம்மா. படிப்புக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொண்டு போகிறேன்.”

“இதுவும் நத்தை சொல்லிக் கொடுத்த யோசனையா?” என்றாள் தாயார். ஆனால் அப்போது அவள் மூக்கைச் சிந்தவில்லை.

அடுத்த ஞாயிறு மூவரும் மாமல்லபுரம் போகிறோம். பாறைக் குழியில் நத்தை அகப்படுமோ, என்னவோ! நீங்கள் போனாலும் பாருங்கள். கல்லைப் புரட்டினால் மட்டும், பழையபடியே வைத்துவிட்டு வாருங்கள். அதன் அடியில் ஒரு குடித்தனம் நடக்கிறது.